பூசம் இல்லை, புஸ்ஸம்

மகள் புதிதாக வீடு மாறிய ஊரின் பெயரைப் போனில் சொன்னபோது என் காதில் ‘பூசம்’ என்றுதான் விழுந்தது. வள்ளிமலைக்குக் காவடி போகிற ஊர்க்காரிக்கு வேறு எப்படி விழும்? எழுதி அனுப்பச் சொன்னேன். புஸ்ஸம். நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்கிழக்கே, ரயிலில் இருபது, இருபத்தைந்து நிமிடம். போன ஆகஸ்ட் நடுவில் போய் நவம்பர் நடுவில் திரும்பினோம், நானும் வீட்டுக்காரரும். விசாவில் கொடுக்கிற 90 நாளில் 87 நாள்.

காட்பாடி காந்தி நகரில் சாயங்காலம் நடக்கப் போனால், “பொண்ணு ஊரு எப்படிம்மா இருக்குது?” என்று வழிமறிக்காதவர்கள் இல்லை. எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பாவில். அந்த நான்கு வீட்டு அப்பா அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆம்ஸ்டர்டாமைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் காலையில் அங்கே வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, இந்த மாதிரி ஊரில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கப் போவது நாம்தானே.

முதலில் ரயில். புஸ்ஸம் ரயில் பெற்ற பிள்ளை. 1817 வரை பக்கத்துக் கோட்டை ஊரான நார்டனுக்குக் கீழே இருந்த குக்கிராமம். ஆடு, கம்பளி, மணல் காடு. 1874ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பக்கத்து ஊரான ஹில்வர்சும் போகும் தண்டவாளம் இந்த வழியாக வந்தது. நகரத்து வியாபாரிகள் பார்த்தார்கள்: வாய்க்கால் நாற்றமும் கூட்டமும் இல்லாத மேட்டு நிலம், காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். தோப்பு வாங்கி பங்களா கட்டினார்கள். ஸ்பீகல் என்ற பகுதி முழுக்க அந்தக் காலத்துப் பங்களாக்கள்தான். இன்றைக்கும் தெருவின் தோற்றத்தை மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டுக் காக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. காட்பாடியிலிருந்து அரக்கோணத்துக்கு 24 வருஷம் சீசன் டிக்கெட்டில் பேங்க் வேலைக்குப் போனவள் நான். ஏலகிரி எக்ஸ்பிரஸ் லேடீஸ் பெட்டியில் பூ கட்டினோம், மொச்சை உரித்தோம், சீட்டுப் பிடித்தோம், இரண்டு கல்யாணம் பேசி முடித்தோம். அந்தக் கண்ணோடு புஸ்ஸம் ரயிலில் ஏறினால், வண்டி சுத்தம், நேரம் சுத்தம், பேச்சும் சுத்தமாக இல்லை. ஜன்னல் கண்ணாடியில் ‘ஸ்டில்டே’ என்று எழுதிய பெட்டி ஒன்று வரும். அமைதி என்று அர்த்தம். அது தெரியாமல் உட்கார்ந்து, வீட்டுக்காரர் குடியாத்தத்தில் இருக்கும் தம்பியோடு போனில் நிலத் தகராறை முழுசாகப் பேசிக்கொண்டு வந்தார். எதிரே இருந்த பையன் வாயைத் திறக்கவில்லை. விரலை நீட்டி அந்த எழுத்தை மட்டும் காட்டினான். இவர் போனைப் பையில் போட்டவர், வீடு வரும்வரை என்னிடமும் பேசவில்லை.

டிக்கெட் வாங்க வரிசையே கிடையாது. பிளாட்பாரத்துக் கம்பத்தில் பேங்க் கார்டைத் தொட்டுவிட்டு ஏறலாம். 2023லிருந்து நாடு முழுக்க இந்த வசதி. நம் ஊர் பேங்க் கொடுத்த கார்டே எங்களுக்கு வேலை செய்தது. இறங்கியதும் மறுபடி தொட வேண்டும், அதில்தான் கண்ணி. ஒரு நாள் மழைக்குப் பயந்து ஓடியதில் மறந்துவிட்டேன். 20 யூரோ போயிற்று. தப்பு என்னுடையது, குறை சொல்ல வாயில்லை. கூட்ட நேரம் காலை ஆறரை முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஆறரை. சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்துக்கு வெளியே கட்டணத்தில் நாற்பது சதவீதம் குறைகிறது. நமக்கென்ன, ஒன்பதரைக்குப் போனால் பெட்டியே நம்முடையது. 2017 முதல் அந்த மின்சார ரயில்கள் காற்றாலை மின்சாரக் கணக்கில் ஓடுகின்றனவாம். ரயிலுக்கு பத்துக்கு ஒன்பது. அந்த ஒரு மார்க், மொச்சை உரிக்க முடியாததற்கு.

இனி ஊர். மகள் வீடு புஸ்ஸம் சவுத் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, மாடிப் போர்ஷன். முதல் நாள் காலை ஜன்னல் திரையை விலக்கினேன். எதிர் வீடு கூரை வீடு.

ஓட்டு வீடு என்று படித்துவிடாதீர்கள். நாணல் வேய்ந்த கூரை. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த கனம்; விளிம்பை நூல் பிடித்த மாதிரி வெட்டி, ஜன்னல்களுக்கு மேலே புருவம் போல வளைத்து இறக்கியிருக்கிறார்கள். நாள்பட்ட பக்கத்தில் பச்சைப் பாசி. வாசலில் இரண்டு கார். வீட்டுக்காரர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னாடி இது, குடிசை மாத்து வாரியம் இங்க வரலியா?” மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் பக்கம் பணம் வந்தால் முதலில் கூரையைப் பிரித்து கான்கிரீட் போடுவோம். அங்கே பணம் இருந்தால்தான் கூரை வேய முடியும். வேய ஆள் கூலி, தீ விபத்துக் காப்பீடு, பராமரிப்பு எல்லாமே ஓட்டு வீட்டைவிட அதிகம் என்றார் மாப்பிள்ளை. என் மாமியார் பேரணாம்பட்டுப் பக்கம் வருஷா வருஷம் விழல் மாற்றிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். மழைக்காலத்தில் பாத்திரம் வைத்துப் பிடித்த கதையெல்லாம் சொல்லுவார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இதைக் காட்டியிருக்க வேண்டும்.

மரங்களைப் பற்றி ஒரே வரியில் சொல்ல மாட்டேன். ஓக், பீச், லிண்டன். பீச்சில் ஒரு வகைக்கு இலையே செம்பு நிறம். பட்டை யானைத் தோல் மாதிரி வழுவழு சாம்பல், இரண்டு பேர் கை கோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடிகிற மரங்கள் சாதாரணமாக ஓரத்தில் நிற்கின்றன. ஆனால் நம் கணக்கில் மரம் என்றால் நிழல். அங்கே ஒருவரும் நிழலில் உட்காருவதில்லை. வெயில் அடித்தால் மரத்தை விட்டு நகர்ந்து வெட்டவெளியில் நாற்காலி போடுகிறார்கள். பெரிய மரத்தடியில் புடவைத் தலைப்பை விரித்து நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். அக்டோபரில் இலை கொட்ட ஆரம்பித்ததும் முனிசிபாலிட்டிக்காரர்கள் தெரு ஓரத்தில் கம்பி வலைக் கூண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் கூட்டிக்கொண்டு போய் அதில் போடுகிறார். கொளுத்தும் வாசனை எங்கேயும் இல்லை. மார்கழியில் எங்கள் தெரு முனையில் எரியும் குப்பையை நினைத்துக்கொண்டேன்.

அதே அக்டோபரில்தான் கஷ்கொட்டைக் கூத்து. நடைபாதை முழுக்கப் பளபளவென்று பழுப்பு நிறக் கொட்டைகள், புளியங்கொட்டையை ஊதிப் பெரிதாக்கிய மாதிரி. குனிந்து குனிந்து பை நிறையப் பொறுக்கினேன். சுட்டுத் தின்னும் கஷ்கொட்டை என்று எங்கோ படித்த ஞாபகம். எதிர்க் கூரை வீட்டு அம்மாள் நாயோடு வந்தவர் நின்றார், என் பையைப் பார்த்தார், பதறி, “நோ ஈட்! நோ ஈட்!” என்று வயிற்றைப் பிடித்து நடித்துக் காட்டினார். அது குதிரைக் கஷ்கொட்டையாம், விஷம். பிறகு தானே என்னை இரண்டு தெரு தள்ளி அழைத்துப் போய்த் தின்னும் மரத்தைக் காட்டினார். வித்தியாசம் இதுதான்: விஷக் கொட்டை உருண்டை, மேலோட்டில் முள் அங்கங்கே தள்ளித் தள்ளி இருக்கும். தின்னும் கொட்டைக்கு ஒரு நுனியில் சின்னக் குஞ்சம், மேலோடு முள்ளம்பன்றி மாதிரி நெருக்க முள். கத்தியால் கீறிச் சுட வேண்டும்; கீறாவிட்டால் அடுப்பில் வெடிக்கும். ருசி சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஒன்றுவிட்ட தங்கை. அன்றிலிருந்து அந்த அம்மாளும் நானும் சிநேகம். மொழி? கைதான். அவரைப் பாட்டி என்று முதலில் எழுதிவிட்டு அடித்தேன், எனக்கும் அவருக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம்.

ஊரின் தெற்கு விளிம்பில் வீடுகள் சட்டென்று நின்றுவிடும், புதர்வெளி ஆரம்பிக்கும். ஹீதர் என்கிற முழங்கால் உயரச் செடி, ஆகஸ்ட் கடைசியில் கண்ணுக்கு எட்டிய தூரம் கத்திரிப்பூ நிறம். இயற்கையாக வந்த காடு என்று வாயைப் பிளந்தேன். இல்லையாம். முற்காலத்தில் மேல்மண்ணைப் புல்லோடு வெட்டி ஆட்டுப் பட்டியில் பரப்பி, புழுக்கை ஊறியதும் வயலுக்கு எருவாகப் போட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அப்படி வெட்டி வெட்டி, ஆட்டை விட்டு மேய்த்து மேய்த்து, வேறெதுவும் முளைக்காத ஏழை மண்ணில் இந்தச் செடி மட்டும் மிஞ்சியது. இன்றைக்கு விட்டுவிட்டால் மரம் மூடிவிடும் என்பதால், ஆட்டைக் கொண்டே பார்த்துக்கொள்கிறார்கள். கோய் என்ற அந்த வட்டாரத்துக்கே 1932ல் ஓர் அமைப்பு வைத்து வெளிகளைக் கட்டிக் காக்கிறார்கள். நம் பக்கம் கிடைபோட்டு வயலுக்கு உரமேற்றுகிறவர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே புரியும்.

அடியில் எல்லாம் மணல். பனி யுகத்தில் பனிப்பாறை தள்ளிக் குவித்துவிட்டுப் போன மேடு. ஆம்ஸ்டர்டாம் கட்டடங்கள் சேற்றில் மரத்தூண் இறக்கி அதன் மேல் நிற்கின்றன, இங்கே அந்தக் கவலை இல்லை. எவ்வளவு மழை கொட்டினாலும் சற்று நேரத்தில் தெரு காய்ந்துவிடும். அந்த மணலை விடுவார்களா? புஸ்ஸத்துக்கும் ஹில்வர்சுமுக்கும் நடுவில் கிரைலோ என்ற இடத்தில் அள்ளித் தீர்த்திருக்கிறார்கள். பாலாறு பார்த்து வளர்ந்த நமக்கு மணல் அள்ளிய பள்ளத்தைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கும். ஆனால் இங்கே கதை வேறு பக்கம் திரும்புகிறது. தண்டவாளம், ரோடு, விளையாட்டு மைதானம் எல்லாவற்றுக்கும் மேலே, காட்டையும் புதர்வெளியையும் சேர்த்து, விலங்குகளுக்கென்று 2006ல் ஒரு பாலம் கட்டி முடித்திருக்கிறார்கள். 800 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். பாலத்தின் மேல் மண், செடி, குட்டை. மனிதர்களுக்கு ஓரத்தில் ஒரு பாதை. நாங்கள் நடந்த அன்று கீழே மஞ்சள் ரயில் போனது, மேலே ஒரு முயல் காதைக்கூட அசைக்கவில்லை. வீட்டுக்காரர் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை நினைத்து ஏதோ சொன்னார், அச்சில் ஏற்றக்கூடியதல்ல.

அவருக்குப் பிடித்தது நார்டன் கோட்டை. நடந்தே போகலாம். நட்சத்திர வடிவம், ஆறு கொத்தளம், இரட்டை அகழி. வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி வளர்ந்தவர், சும்மா இருப்பாரா? மதிலைத் தட்டிப் பார்த்து, “இது மண்ணுடி!” என்றார். உண்மைதான். நம்முடையது கருங்கல். அங்கே செங்கல் முகம் வைத்து, உள்ளே மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்திருக்கிறார்கள். பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் சிதறும், மண்ணில் பட்டால் புதைந்துவிடும் என்பது கணக்கு. நம் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி, 1806 ஜூலை 10. அவர்களுக்கு 1572 டிசம்பர் 1. ஸ்பெயின் படை புகுந்து ஊர்ச் சனத்தைக் கிட்டத்தட்ட மொத்தமாக வெட்டிப் போட்டது. ஒரு வீட்டு முகப்பில் அந்தக் காட்சியைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நின்று ஐஸ்கிரீம் தின்ன எனக்கு மனசு வரவில்லை, தின்றவர்கள் நிறைய.

புஸ்ஸத்தின் அழகுக்கு இந்தக் கோட்டையும் ஒரு காரணம். பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று 1853ல் சட்டம்: கோட்டையிலிருந்து 300 மீட்டருக்குள் வீடு கட்டினால் மரத்தால்தான் கட்ட வேண்டும், எதிரி வந்தால் கொளுத்திவிட வசதியாக! அப்படிக் கட்டிய பலகை வீடுகள் இன்னமும் அங்கங்கே இருக்கின்றன. பூப்போட்ட திரை, வாசலில் ரோஜா. எரிப்பதற்கென்றே கட்டிய வீடு, விலையைக் கேட்டால் நமக்குத்தான் எரியும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு மதியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்டரைக்கு சைக்கிள்கள் எல்லாம் ஸ்டேஷன் பக்கம் பாய்ந்து முடிந்ததும், ஊர் மூடிய பேங்க் மாதிரி ஆகிவிடும். இரண்டு மணிக்குத் தெருவில் நின்றால் இலை ஊதும் மிஷின் சத்தம் எங்கோ கேட்கும், ஒரு நாய், அதன் பின்னால் ஒரு கோட்டு. கீரைக்காரி இல்லை, கோலமாவு இல்லை, மிக்ஸி ரிப்பேர் இல்லை. வீடுகளுக்கு முன்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், பாதி வீடுகளில் திரையே இல்லை. சோபா, விளக்கு, பூனை எல்லாம் தெரியும், ஆள் தெரியாது. முதல் வாரம் சொர்க்கம். மூன்றாம் வாரம் நான் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன், நாலு மனித முகம் பார்க்க. 1951 அக்டோபர் 2 அன்று அந்த நாட்டின் முதல் டிவி ஒளிபரப்பு இந்த ஊர் ஸ்டுடியோவிலிருந்துதான் போனது என்று மாப்பிள்ளை சொன்னபோது, மதியம் இப்படி இருந்தால் டிவி கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்கள் என்று தோன்றியது. மதியத்துக்கு பத்துக்கு மூன்று.

தப்பிக்க ஒரே வழி சைக்கிள். அதில்தான் நான் விழுந்தேன், நிஜமாகவே. ஒரு வாடகைக் கடை, பெயர் வேண்டாம். காந்தி நகரில் நான் இன்றைக்கும் லேடி பேர்டில் காய்கறி வாங்கப் போகிறவள் என்கிற தைரியம். கொடுத்த சைக்கிள் என் தோள் உயரம். சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் கால் விரல்தான் தரை தொட்டது. கடைசியில் பிள்ளைகள் வண்டி, 24 அங்குலம். ஹேண்டில்பாரில் பிரேக் இல்லையே என்று கேட்டேன். பையன் காலைக் காட்டி ஏதோ சொன்னான், நானும் தலையாட்டினேன். ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்க வழி இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. இறக்கம் வந்தால் பெடலைச் சும்மா பின்பக்கம் சுற்றிக்கொண்டே போவது என் இருபது வயதுப் பழக்கம். சுற்றினேன். அந்த வண்டியில் அதுதான் பிரேக். பின் சக்கரம் அப்படியே இறுக, நான் வேலிச் செடிக்குள். முழங்கை சிராய்ப்பு, புடவை கிழிசல். மட்கார்டு கீறலுக்கு முன்பணத்தில் 35 யூரோ பிடித்துக்கொண்டார்கள். கீறலுக்குப் பிடித்ததைப் பற்றிக்கூட எனக்கு வருத்தமில்லை. பின்பெடல்தான் பிரேக் என்பதை, தெருவில் இறக்கிவிடுமுன் ஒரு தடவை மிதித்துக் காட்டச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் ஆற்றாமை. நீங்கள் போனால் கை பிரேக் உள்ள வண்டி என்று கேட்டு வாங்குங்கள்; இருக்கிறது, கேட்டால்தான் எடுப்பார்கள்.

சாப்பாடு சுருக்கமாக. இட்லி அரிசிக்கும் நல்லெண்ணெய்க்கும் நம்மவர்கள் நிறைய இருக்கும் ஆம்ஸ்டல்வேனுக்குத்தான் போக வேண்டும். அவசரத்துக்கு ‘டோக்கோ’ என்கிற இந்தோனேசியச் சாமான் கடைகள் காப்பாற்றும்: தேங்காய்ப் பால், புளி, பச்சை மிளகாய், அதிர்ஷ்டமிருந்தால் கறிவேப்பிலை. மாவு அக்டோபரில் புளிக்காது, ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி வையுங்கள். கத்திரிக்காய் அங்கே பெயிண்ட் அடித்த மாதிரி மின்னும், வெட்டினால் பஞ்சு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் சாப்பிட்ட நாக்கு அதை ஏற்காது. மருந்து மாத்திரை மூன்று மாதத்துக்கும் சீட்டோடு கொண்டு போங்கள். நினைத்த நேரத்தில் சிஎம்சி வாசலில் போய் நிற்கிற பழக்கம் அங்கே செல்லாது. குடும்ப டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் பெரிய டாக்டர்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகிறார்கள். மறுநாளிலிருந்து ஐந்தேகாலுக்கு விளக்கு வைக்கிற நேரம். அதற்கு முன்னால் திரும்பிவிடுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், கடைசி இரண்டு வாரம் எங்களுக்கு வீண்.

அடுத்த வருஷமும் வரச் சொல்லி மகள் கூப்பிடுகிறாள். வீட்டுக்காரர் இப்போதே சரி சொல்லிவிட்டார். நார்டன் அகழியோரம் ஒரு பெஞ்சைத் தன் பெயருக்குப் பட்டா போட்ட மாதிரிப் பேசுகிறார். மே மாதம் என்றால் வருகிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். மகள் தெருவில் வீட்டுக்கு வீடு ரோடோடென்ட்ரான் வேலி, நான் விழுந்த வேலியும் அதுதான். மேயில்தான் அது பூக்குமாம்; இந்தத் தடவை இலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம், மே மாதத்து வேலூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?